தட்டோடு வந்து உட்காருங்கள்: பீட்டர்மரிட்ஸ்பர்க் செமினரியின் மதியக் கூட்டங்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கு இறையியல் படிக்க வந்திருக்கிறீர்கள். விடுதியில் அறை கிடைத்துவிட்டது, நூலக அட்டை வாங்கியாயிற்று, வகுப்பு அட்டவணையும் கையில் இருக்கிறது. அந்த அட்டவணையில் இல்லாத ஒன்று உண்டு: மதியச் சாப்பாட்டு நேரக் கலந்துரையாடல். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அல்லது வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டிருப்பார்கள். பண்பாடு கடந்த ஊழியம், சமூக நீதி என்று தலைப்பெல்லாம் பெரிதாகத்தான் இருக்கும். உள்ளே போனால் பத்துப் பதினைந்து பேர் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மதிப்பெண் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. அதனாலேயே நம் ஊரிலிருந்து வரும் மாணவர்கள் பலர் அதை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஊரில் படிப்பதன் பாதிப் பயன் அந்த அறையில்தான் இருக்கிறது.

அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1963இல் கிழக்கு கேப் பகுதியின் ஆலிஸ் ஊரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து ஃபெடரல் இறையியல் செமினரியைத் தொடங்கின. வெள்ளையர் அல்லாத மாணவர்கள் சபைப் பிரிவு பார்க்காமல் ஒரே வளாகத்தில் படித்தார்கள். பின்னாளில் ஆங்கிலிக்கன் பேராயரான டெஸ்மண்ட் டுட்டு 1960களின் கடைசியில் அங்கே ஆசிரியராக இருந்தார். மக்களை இனவாரியாகப் பிரித்து வைத்த அன்றைய வெள்ளையர் அரசுக்கு (இனவொதுக்கல் ஆட்சி, அபார்தைட்) இது பொறுக்கவில்லை. 1970களின் நடுவில் நிலத்தைக் கையகப்படுத்தி எல்லோரையும் வெளியேற்றியது. செமினரி இடம் மாறி மாறிக் கடைசியில் பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் இம்பாலி குடியிருப்புக்கு வந்து சேர்ந்தது, 1993இல் மூடப்பட்டது. இன்றும் இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் மெதடிஸ்ட்களின் சேத் மோகிட்டிமி செமினரி, செடாராவில் கத்தோலிக்கர்களின் புனித யோசேப்பு இறையியல் நிறுவனம், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் இறையியல் பிரிவு என்று பல இருக்கின்றன. நட்பு பிடித்துக்கொண்டால் ஒரு கல்லூரி மாணவர் இன்னொரு கல்லூரியின் கூட்டத்தில் போய் உட்காரலாம்; யாரும் தடுக்கமாட்டார்கள்.

முதலில் உட்காரப் பழகுங்கள்

இதைச் சொல்வதற்கு ஒரு தலைப்பா என்று தோன்றலாம். நம் வீடுகளில் பெரியவர் இருக்கும் அறைக்குள் நுழைந்தால், அவர் "உட்காருப்பா" என்று சொல்லும்வரை நிற்போம். இந்தப் பகுதியில் பெரும்பான்மையான ஆப்பிரிக்க மக்களான சூலுக்களின் வழக்கம் இதற்கு நேர்மாறு. பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது இளையவர் தலை அவருக்கு மேலே நிற்பதுதான் மரியாதைக் குறைவு. உள்ளே வந்ததும் ஓசைப்படாமல் உட்கார்ந்துவிட வேண்டும். பெரியவரின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசுவதும் அவர்களுக்குத் துடுக்குத்தனம். அதே மேசையில் இருக்கும் வெள்ளைக்காரப் பேராசிரியரோ, கண்ணைப் பார்க்காமல் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்கக்கூடும். நீங்கள் மரியாதைக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால், வகுப்பிலேயே வயதில் மூத்த சூலு மாணவர் ஒருவர் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார். யார் மேலும் தப்பில்லை. ஒருவர் மரியாதை என்று செய்வது அடுத்தவருக்கு எப்படிப் படுகிறது என்பதைக் கவனிக்கத் தொடங்கினால் பண்பாடு கடந்த ஊழியத்தின் முதல் வகுப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம் சொல்லாமல் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். ஒருவராக இருந்தால் "சாவுபோனா", பலராக இருந்தால் "சனிபோனானி". பதிலுக்கு "யெபோ" என்பார்கள், பிறகு நலம் விசாரிப்பு ஒரு சுற்று வரும். கடிகாரத்தைப் பார்த்து அதைச் சுருக்க முயலவேண்டாம். வயதில் மூத்த ஆணை பாபா என்றும் பெண்ணை மாமா என்றும் அழைக்க வேண்டும். (ஒரு பெண்மணியைப் பார்த்து "மாமா" என்று கூப்பிட நம் நாக்கு கொஞ்ச நாள் கூசும். பழகிவிடும்.) போதகர் என்றால் உம்ஃபுண்டிசி.

தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு, இதில் விளையாட்டே கூடாது. ஆப்பிரிக்கர்களைக் குறிக்க நம் பழைய தமிழில் "காப்பிரி" என்று ஒரு சொல் இருக்கிறது. இந்த நாட்டில் அதே ஓசையுள்ள சொல் மிகக் கொடிய வசவு. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காவலர்களைத் திட்டிய ஒரு பெண்ணுக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியப்போகிறது என்று அந்தச் சொல்லையோ "கருப்பன்" என்பதையோ மேசையில் உதிர்க்காதீர்கள். பொதுவாகவே, இரண்டு தமிழர் சேர்ந்தால் மேசைக்குக் குறுக்கே தமிழில் பேசிச் சிரிக்கும் வழக்கத்தை இந்த ஒரு மணி நேரமாவது நிறுத்தி வையுங்கள். தனித்தனியாக உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

முதல் சில கூட்டங்களில் கேட்பது மட்டும் போதும். யாராவது உங்களைக் கேட்டால் பெயர், ஊர், சபை சொல்லுங்கள். கருத்து கேட்டால், "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பது இங்கே மதிக்கப்படும் பதில்தான்.

டப்பாவில் என்ன கொண்டுபோவது

இந்தக் கூட்டங்களில் சாப்பாடு பக்க விஷயம் இல்லை. யார் யாரோடு சாப்பிடலாம் என்பதில்தான் ஆதிச் சபையே தடுமாறியது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டதையும், பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததையும் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் படித்திருப்பீர்கள். அந்த அதிகாரத்தை மனதில் வைத்துக்கொண்டு டப்பாவைக் கட்டுங்கள்.

மாட்டிறைச்சி சூலு குடும்பங்களின் கல்யாணத்திலும் சாவிலும் தவறாமல் இருக்கும். அதே மேசையில் இருக்கும் டர்பன் தமிழர் ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறவராக இருந்தாலும், பாட்டி வீட்டுப் பழக்கத்தால் மாட்டைத் தொடாதவராக இருக்கலாம். பன்றி இறைச்சியும் சிக்கல்தான். சீயோன் கிறிஸ்தவ சபையாரும், ஐசையா ஷெம்பே 1910இல் தொடங்கிய நசரேத் பாப்டிஸ்ட் சபையாரும் அதைச் சாப்பிடுவதில்லை; உங்கள் வகுப்புத் தோழர்களில் சிலரின் குடும்பங்கள் அங்கிருந்து வந்தவை. ஆகவே பகிர்ந்துகொள்ளக் கொண்டுபோவது காய்கறியாகவோ பயறாகவோ இருந்தால் யாருக்கும் சங்கடமில்லை. எலுமிச்சை சாதம் எப்போதும் காலியாகும். சமைக்க நேரமில்லையா, பீன்ஸ் பன்னி சவ் வாங்குங்கள். ரொட்டியின் நடுப்பகுதியைக் குடைந்து குழம்பை ஊற்றித் தரும் டர்பன் இந்தியர்களின் கண்டுபிடிப்பு அது. கடையில் "குவார்ட்டர்" என்று கேட்டால் கால் ரொட்டி வரும். இரண்டு குவார்ட்டர் வாங்கி நடுவில் வைத்தால் ஆளுக்கொரு பிய்ப்பு.

மற்றவர்கள் தருவதையும் வாங்கிச் சாப்பிடுங்கள், இரண்டு கையாலும் வாங்குங்கள். சோளமாவில் உதிரியாகக் கிண்டிய உபுத்துவின் மேல் புளித்த பாலான அமாசியை ஊற்றித் தருவார்கள். தயிர்சாதக்காரர்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். கையால் சாப்பிடக் கூச்சப்பட வேண்டாம், அவர்களும் பலர் கையால்தான் சாப்பிடுவார்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத உணவென்றால் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். முகத்தைச் சுளித்தால் மட்டும் மறக்கமாட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவுங்கள். இது ஆண்களுக்குச் சொல்வது. சமூக நீதி பற்றி ஆண்கள் முழங்கிக்கொண்டிருக்க, பெண் மாணவிகள் எழுந்து தட்டுகளை அடுக்கும் காட்சி எல்லா நாட்டு செமினரியிலும் உண்டு. இங்கே யாராவது ஒருத்தி அதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டாள்.

இனவொதுக்கலைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் முன்

புதிதாக வரும் தமிழ் மாணவர் வாயைத் திறந்ததும் பெரும்பாலும் இனவொதுக்கல் ஆட்சியின் கொடுமையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். கேட்கிறவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் அப்பாவும் அம்மாவும் அனுபவித்ததை, புத்தகத்தில் படித்த ஒருவர் அவர்களுக்கே சொல்கிறார். அப்புறம் ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "உங்கள் ஊரில் சாதி என்று ஒன்று இருக்கிறதாமே, சபைக்குள்ளும் இருக்கிறதா?" அந்தக் கேள்விக்கு "முன்பு இருந்தது, இப்போது இல்லை" என்று சொல்லிவிட்டால், அன்றோடு உங்களுக்கும் அந்த மேசைக்கும் உள்ள தொடர்பு முடிந்தது. அதன்பின் நீங்கள் பேசலாம், யாரும் நம்பமாட்டார்கள்.

எனவே உங்கள் ஊரின் கணக்கை நீங்களே முதலில் மேசையில் வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

தயாராவதற்கு நல்ல வழி, இரண்டு நாட்டுக் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சபையாரில் பலர் எதிர்த்தார்கள், பிரிந்தும் போனார்கள். 1857இல் கேப் பகுதியில் டச்சு சீர்திருத்த சபையின் மாமன்றம் வேறு விதமாகப் போனது: எல்லோரும் ஒரே சபையில் கூடுவதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டு, "சிலருடைய பலவீனத்தின் காரணமாக" தனிக் கட்டடத்தில் தனி ஆராதனைக்கு அனுமதி கொடுத்தது. அங்கே மேலிருந்து தடை வந்தும் கீழே சாதி நிலைத்தது; இங்கே மேலிருந்து வந்த சின்னச் சலுகை பின்னால் தனித்தனி இனச் சபைகளாக வளர்ந்தது. எது மோசம் என்ற கேள்வியை மேசையில் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் போதாது.

இன்னொரு இணை 1950. இந்தியாவில் அந்த ஆண்டு வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. பின்னால் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியேதான். அதே 1950இல் தென்னாப்பிரிக்காவில் மக்கள்தொகைப் பதிவுச் சட்டமும் குழுப் பகுதிகள் சட்டமும் வந்தன: ஒன்று ஆளுக்கு இன முத்திரை குத்தியது, மற்றது அந்த முத்திரைப்படி வீட்டைப் பிடுங்கியது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றிச் சொல்லுங்கள். செத்த பிறகுமா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லத்தான் வேண்டும்.

"எல்லோரும் ஒரே நிறமாக இருக்கிறீர்களே, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்பது கட்டாயம் வரும் கேள்வி. ஊரில் எந்தத் தெரு, யார் வீட்டில் பெண் எடுப்பார்கள், சபைக் குழுவில் யார் பெயர் வரும் என்று நடைமுறையில் பதில் சொல்லுங்கள். நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதையும் மறைக்கவேண்டாம், குறிப்பாக மேல்பக்கம் என்றால். ஒரு எச்சரிக்கை: அறையில் இன்னொரு தமிழர் இருந்தால், அவருடைய சாதியை உங்கள் வாயால் சொல்லாதீர்கள், சுட்டிக்கூடக் காட்டாதீர்கள். தலித் மாணவர் ஒருவர் தன் கதையைச் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அவர் விருப்பம். கடல் கடந்து வந்த பிறகு அதைச் சுமக்க வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

இதோடு நின்றுவிட வேண்டாம். அர்விந்த் நிர்மல் 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் தொடங்கிவைத்த தலித் இறையியல் பேச்சையும், மதுரை அரசரடி இறையியல் கல்லூரி மாணவர்களைச் சேரிகளுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பிப் படிக்கவைத்ததையும் சொல்லுங்கள். கறுப்பின மக்களின் விடுதலையை முன்வைக்கும் கறுப்பு இறையியலை ஊன்றிப் படித்தவர்களுக்கு இது புதுச் சரக்கு, ஆர்வமாகக் கேட்பார்கள்.

இங்குள்ள தமிழர்கள்

இவர்களைப் பார்த்ததும் "நம்மவர்" என்று ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். முதல் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் அறிந்திருந்த மெதடிஸ்ட் குருவானவர் ரால்ஃப் ஸ்டாட் 1862இல் வந்து கரும்புத் தோட்டங்களில் இவர்களைத் தேடிப்போனார். 1903இல் நெல்லூரிலிருந்து தெலுங்கு பாப்டிஸ்ட் சபையார் ஜான் ரங்கையாவை அனுப்பினார்கள். வெள்ளைக்கார மிஷனின் கையை எதிர்பார்க்காமல் இந்தியச் சபையே அனுப்பிய ஊழியர் அவர். பண்பாடு கடந்த ஊழியம் என்றாலே ஐரோப்பியர் கப்பலேறுவது என்று நினைக்கும் மேசையில் ரங்கையாவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

இன்றைய தலைமுறை வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் தெரியாததற்காக அவர்களைச் சலித்துக்கொள்ளாதீர்கள், திருத்தவும் வேண்டாம். நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலி, படையாச்சி என்று குடும்பப் பெயர்கள் இருக்கும், எழுத்தும் உச்சரிப்பும் மாறியிருக்கும். அதை வைத்துச் சாதிக் கணக்குப் போடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. கப்பலிலும் தோட்டத்திலும் கலைந்துபோன ஒன்றை நாம் வந்து மறுபடி அடுக்கிக் கொடுக்க வேண்டுமா?

சில வீடுகளில், மதம் மாறியவர் தமிழையே விட்டுப் போய்விட்டதாகத் தாத்தா பாட்டிகள் இன்றும் நினைக்கிறார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கிறிஸ்தவப் பேரன் அதைக் குடிக்கலாமா கூடாதா என்பது பல குடும்பங்களில் உண்மையான சண்டை. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவோ சரியாக ஈஸ்டர் விடுமுறையில் வரும். பெரிய வெள்ளியன்று அண்ணன் சிலுவைத் தியானத்திலும் தங்கை அங்கே கூட்டத்திலும் இருப்பாள். அந்தச் சபைகளில் ஊழியம் செய்யப்போகும் சூலு மாணவருக்கு இது தெரியாது, உங்களுக்குப் பாதி தெரியும், அவர்களுக்குத்தான் முழுதும் தெரியும். அவர்களைப் பேசவிடுங்கள்.

கறுப்பின மாணவர்கள் முன்னால் "நாமும் ஒடுக்கப்பட்டவர்கள்தானே" என்று சொல்லும்போது கவனம் தேவை. இந்தியர்கள் ஒடுக்கப்பட்டது உண்மை. ஆனால் 1984இல் மூன்று அவை நாடாளுமன்றம் வந்தபோது இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் அவை கொடுத்தார்கள், ஆப்பிரிக்கருக்கு ஒன்றுமில்லை. இந்தியர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நடுப்படியில் நிறுத்தப்பட்டவர்களின் கதை அது, மேலும் கீழும் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

உங்கள் முறை வந்தால்

சில மாதம் போனதும் "அடுத்த கூட்டத்தை நீங்கள் நடத்துங்களேன்" என்பார்கள். பிரசங்கம் தயாரிக்காதீர்கள். இந்த ஊரிலேயே பிறந்த ஒரு முறை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்: சூழல்சார் வேத ஆய்வு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த உஜாமா மையம், 1980களின் கடைசியில் சுற்றிலும் வன்முறை நடந்துகொண்டிருந்த நேரத்தில் இதை வளர்த்தது. அடிப்படை, பெல்ஜியக் குரு கார்டைன் இளம் தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த "பார், சீர்தூக்கு, செயல்படு"தான். நம் ஊர் கத்தோலிக்க மாணவர் இயக்கங்களில் இருந்தவர்களுக்கு அது பழக்கமான பாட்டு.

நடத்தும் வகை இப்படி. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் விடுங்கள். வேதப்பகுதியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், சூலுவில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. நீங்கள் தமிழில் சில வசனங்கள் வாசித்தால் எல்லோருக்கும் பிடிக்கும். முதல் கேள்வி எப்போதும் "இந்தப் பகுதி எதைப் பற்றியது?" வருகிற எல்லாப் பதிலையும் பெரிய தாளில் எழுதுங்கள், திருத்தாதீர்கள், பேராசிரியர் சொன்னதையும் முதலாண்டு மாணவி சொன்னதையும் ஒரே அளவு எழுத்தில் எழுதுங்கள். அடுத்து வேதப்பகுதிக்குள்ளே கொண்டுபோகும் கேள்விகள்: யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன செய்கிறார்கள், யார் பேசவில்லை. பிறகு மறுபடி வெளியே வாருங்கள்: இப்படி நம் சபையில், நம் தெருவில் யார்? கடைசிக் கேள்வி, இதற்கு நாம் என்ன செய்யப்போகிறோம், யார், எப்போது? ஐந்தாறு கேள்விகள் போதும். நீங்கள் பேசுவது மொத்தத்தில் பத்து நிமிடத்தைத் தாண்டினால் ஏதோ சரியில்லை.

முதல் முறைக்கு மத்தேயு 20, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள், நல்ல தேர்வு. காலையில் சாலை முனையில் வேலைக்காகக் காத்து நிற்கும் ஆட்களை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பதினோராம் மணிக்கு வந்தவன் சோம்பேறியா, அல்லது யாரும் கூப்பிடாதவனா என்று தொடங்கினால் போதும். அப்போஸ்தலர் 6, பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டது, சாப்பாட்டு மேசைக்கே எழுதியதுபோல் இருக்கும்.

2 சாமுவேல் 13, தாமாரின் கதை, உஜாமா மையம் பரவலாகக் கொண்டுபோன பகுதி. பாலியல் வன்முறையைப் பற்றிச் சபைகள் வாய்திறக்க அது உதவியிருக்கிறது. ஆனால் அதைப் புதியவர் ஒருவர் மதிய நேரத்தில் எடுக்கவேண்டாம் என்பது என் எண்ணம். அந்த அறையில் அதை வாழ்ந்த ஒருத்தி இருப்பாள். ஆலோசகர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, நேரத்தை இரட்டிப்பாக வைத்து, நடத்துவதற்கு அனுபவமுள்ள பெண் ஒருவர் ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யலாம்.

சூடு ஏறினால்

ஏறும். 1949 ஜனவரி டர்பன் கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். இந்தியர்களிடம் கேட்டால் ஆப்பிரிக்கர்கள் தாக்கிய கதை வரும்; இறந்தவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர் என்ற கணக்கு அவர்கள் பலருக்குத் தெரியாது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனில் இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இந்தியக் குடியிருப்பாளர்கள் சாலைகளில் தடுப்பு போட்டுக் காவல் நின்ற நாட்கள் அவை. ஒரே மேசையில் அந்தத் தடுப்புக்கு உள்ளே இருந்தவரின் மகனும், வெளியே தடுத்து நிறுத்தப்பட்டவரின் மகளும் இருக்கலாம். காந்தியின் பெயர் வந்தாலும் சூடு ஏறும். 1893 ஜூன் 7 அன்று அவர் இறக்கிவிடப்பட்ட ரயில் நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் அவர் ஆப்பிரிக்கர்களைப் பற்றி இழிவாக எழுதியதை இங்குள்ள மாணவர்கள் படித்திருக்கிறார்கள். வக்கீலாக எழுந்து நிற்காதீர்கள்.

இந்த நேரத்தில் நம்மவர்கள் செய்வது, "சரி, ஜெபம் பண்ணி முடிப்போம்" என்பது. வேண்டாம். 1985இல் தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் கண்டித்தது இதைத்தான்: அநீதியைத் தொடாமல் ஒப்புரவு பேசும் போக்கை அது திருச்சபை இறையியல் என்று பெயரிட்டு விமர்சித்தது. யாராவது எழுந்து வெளியே போனால் நண்பர் ஒருவர் பின்னால் போகட்டும், மற்றவர்கள் இருக்கட்டும். மௌனம் நீண்டால் நீளட்டும். பெரும்பாலும் யாராவது ஒருவர் தாழ்ந்த குரலில் சூலு பாமாலை ஒன்றை எடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். சொல் தெரியாவிட்டாலும் முனகுங்கள். நேரம் முடிந்துவிட்டால், பேச்சு முடியவில்லை, அடுத்த வாரம் இதே இடத்திலிருந்து என்று வெளிப்படையாகச் சொல்லி எழுந்திருங்கள். சொன்னபடி அடுத்த வாரம் அதை எடுக்கவும் வேண்டும்.

அறைக்கு வெளியே

ஒரு சனிக்கிழமை எல்லோருமாக டர்பன் பக்கம் இனாண்டாவுக்குப் போய்வாருங்கள். 1904இல் காந்தி தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு, ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி (1994இல் மண்டேலா வாக்களித்த இடம்), ஷெம்பே தன் சபைக்கு மையமாக அமைத்த எகுபாகமேனி ஆகிய மூன்றும் அக்கம்பக்கம்தான். அந்தப் பகுதியிலேயே வசிக்கும் மாணவர் ஒருவரோடு போங்கள், அவர் சொல்லும் நேரத்தில் திரும்புங்கள். நசரேத் சபையாருக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள், ஆகவே எகுபாகமேனியில் ஆராதனை நடந்துகொண்டிருக்கும். காலணியைக் கழற்றச் சொன்னால் நமக்கொன்றும் புதிதில்லை.

இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். மே இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் தேர்வுப் பரபரப்பில் கூட்டம் தானாக நின்றுவிடும், அப்போது வற்புறுத்திக் கூட்டவேண்டாம். ஆண்டுக் கடைசியில் எழுதிய பெரிய தாள்களைச் சுருட்டி, அறைச் சாவி யாரிடம், எந்தப் பேச்சு பாதியில் நிற்கிறது, யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்ற குறிப்போடு அடுத்த ஆண்டு நடத்தப்போகிறவரிடம் கொடுங்கள். அவர் தமிழராக இல்லாமலிருப்பது நல்லது.